வெங்காயத் தறையில் ஒரு பின்னேரம்

என் தம்பி கேதீஸ்வரன் என் மகளின் மண்டையைப் பிளந்துவிட்டானாம், தெல்லிப்பழை முழுக்கக் கதைக்கிறார்கள். மண்டை இல்லை, நெற்றி. கதைக்கிறவர்களுக்கென்ன, வாயா வலிக்கப்போகிறது? கூடப்பிறந்த நான் சொல்கிறேன், கேளுங்கள்.

அவனைப் பிரான்சுக்கு ஏற்றிவிடுகிறேன் என்று ஒரு ஏஜென்சிக்காரன் கூட்டிப்போனான். கட்டையில் போவான்! வழியில் ஏதோ ஒரு குளிர் நாட்டில் பாஸ்போட்டைப் பறித்து, பட்டாளத்தில் தள்ளிவிட்டான். யாரோ இரண்டு நாட்டுக்காரரின் சண்டையில் எங்கள் வீட்டுப் பிள்ளை துவக்குத் தூக்கினான். போன் கிடைத்தால் அழமாட்டான். வெங்காயத் தோட்டத்தைத்தான் விசாரிப்பான்.

"அக்கா, தறைக்குத் தண்ணி மாறியாச்சோ?"

"ஓமடா, அத்தான் தறையிலைதான் நிக்கிறார்."

"பின்னேரத்திலை அந்த வரம்பிலை ஒருக்கா இருந்தாக் காணும் அக்கா. வேறை ஒண்டும் வேண்டாம். நிவேதனாவுக்கு நான்தான் தண்ணி வார்ப்பன். வேறை ஆரையும் விடாதை."

மகள் நிவேதனா அப்போதுதான் பெரியபிள்ளையாகியிருந்தாள். தாய்மாமன் வரட்டும் என்று சடங்கைத் தள்ளிவைத்தோம். தொடைக்குள் இரும்புத் துண்டோடு ஆஸ்பத்திரியில் இருந்து தப்பி எப்படியோ வந்து சேர்ந்தான். அங்கே நடந்ததை மட்டும் ஒரு சொல் சொல்லவில்லை.

சடங்கன்று மகளைக் கிணற்றடியில் பலகையில் இருத்தி, பாலும் அறுகும் வைத்தாயிற்று. செம்பு தம்பியின் கையில். என் மனுசன் கோபிசங்கர், வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்த்து வாய் பிளக்கட்டும் என்று, ஒருத்தருக்கும் சொல்லாமல் ட்ரோன் கமராவோடு ஒருத்தனைப் பிடித்திருந்தார். மாமரத்துக்கு மேலால் அந்த ட்ரோன் இரைந்துகொண்டு வந்தது.

செம்பு விழுந்தது. "படுங்கோ! எல்லாரும் படுங்கோ!" என்று குழறியபடி தம்பி மகளை இழுத்து விழுத்தி, அவள்மேல் கவிழ்ந்தான். கிணற்றுக்கட்டில் பட்டு அவள் நெற்றி பிளந்தது. இரத்தம் பாலோடு கலந்து ஓடியது. கமராக்காரன், அறுவான், நல்ல படம் என்று ட்ரோனை இன்னும் கீழே இறக்கினான். தம்பி துள்ளி எழுந்து, அங்கே கிடந்த மண்வெட்டியால் அதை அடித்து விழுத்தினான். விழுந்ததையும் விடாமல் கொத்தினான்.

"அண்ணை, என்ன விசரோ?" என்று கமராக்காரன் ஓடிவந்தான். மண்வெட்டிப்பிடி அவன் முழங்கையில் இறங்கியது. ஐயோ, எலும்பு முறிந்த சத்தம் என் காதுக்குள் இன்னும் நிற்கிறது. பிடிக்கப்போன என் மனுசனுக்கு முன்பல்லுப் போனது.

நெற்றியைப் பொத்திக்கொண்டு மகள்தான் கிட்டப் போனாள். "மாமா, உது படம் எடுக்கிறது. குண்டில்லை."

மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவள் காலடியில் இருந்து அழுதான். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தான். இவனைப்போலவே பட்டாளத்தில் மாட்டுப்பட்ட கொக்குவில் கஜானனும் இவனும் ஒரு குழிக்குள் இருந்து காய்ந்த பாண் துண்டைப் பங்கிட்டபோது இதே இரைச்சல் வந்ததாம். ஒரு ட்ரோன் நேரே மேலே நின்று குண்டைப் போட்டதாம். கஜானனில் ஒரு கால்தான் முழுதாகக் கிடைத்தது. சப்பாத்தோடு அதைப் புதைத்துவிட்டு வந்திருக்கிறான்.

"உவனை இனி வீட்டிலை வைச்சிருக்கேலாது," என்றார் என் மனுசன், வீங்கிய வாயோடு.

"அப்ப நானும் வெளிக்கிடுறன். நீங்களும் உங்கடை ட்ரோனும் இருங்கோ," என்றேன். மனிதர் அடங்கினார்.

மகளின் நெற்றித் தையல் வெட்டிய அன்று பின்னேரம் அவனைத் தறைக்குக் கூட்டிப்போனேன். அதே மண்வெட்டியை நானே அவன் கையில் கொடுத்தேன். எனக்குப் பயமில்லை. தண்ணீர் இறைக்கிற மெசினைப் போட்டதும் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. வெயில் தணிந்து காற்று வந்தது. அவன் ஆசைப்பட்ட அந்தப் பின்னேரம்தான். மண்ணை வெட்டி இரண்டு பாத்திக்குத் தண்ணீர் மாறினான். என் நெஞ்சு குளிர்ந்துபோனது.

"அக்கா, மெசினை நிப்பாட்டு."

"ஏனடா? பாதித் தறை இன்னும் காய்ஞ்சு கிடக்கு."

"இது இரைஞ்சா, மேலை வாறது கேக்காது."

நிறுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. வரம்பில் இருந்து, வெங்காயத்தைப் பார்க்காமல், வானத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தான் என் தம்பி.