ருசி பார்க்காமல் கலக்கிய ஜின் அன்ட் டொனிக்

1. உப்பு

டொக்டர் வீட்டில் நான் கலக்கிய முதல் ஜின் அன்ட் டொனிக்கில் உப்புப் போட்டேன். சீனியும் போட்டேன். புளிப்புக்குத் தேசிக்காய் பிழிகிற எந்தத் தண்ணீருக்கும் இவை இரண்டும் வேண்டும் என்பது, கல்முனை பஸாரில் இருபத்திரண்டு வருடம் கூல்பாரில் நின்றவனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத விஷயம். டொக்டர் ஒரு வாய் குடித்தார். கடலைப் பார்த்தார். பிறகு கிளாஸைப் பார்த்தார்.

"உதுமான், இது என்ன?"

"நீங்க சொன்ன சாமான்தான் ஐயா."

"இத நான் சொல்லல்ல."

கோபப்படவில்லை. எழுந்து குசினிக்கு வந்து, ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தார். நான் செய்ததை வோஷ் பேசினில் ஊற்றினார். ஊற்றும்போது மட்டும் முகம் கொஞ்சம் வாடியது.

டொக்டரின் சொந்த ஊர் பாண்டிருப்பு. முப்பது வருடத்துக்கு மேல் இங்கிலாந்தில் வேலை செய்துவிட்டு, மனைவியோடு திரும்பி வந்து கடற்கரைப் பக்கம் வீடு கட்டினார். மனைவி அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், எல்லோருக்கும் டீச்சர். நான் சாய்ந்தமருது ஆள். சமைக்க, வீட்டைப் பார்த்துக்கொள்ள என்றுதான் என்னை எடுத்தார்கள். பின்னேரத்தில் ஒரு கிளாஸும் கலக்க வேண்டும் என்பது இரண்டாம் நாள்தான் தெரிந்தது. கொஞ்ச நாளில் அது இரண்டு கிளாஸ் ஆனது.

2. காதால் செய்கிற வேலை

நான் குடிப்பதில்லை. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்ததும் இல்லை. அதனால் ருசி தெரியாமலேயே அந்த வேலையைப் பழக வேண்டியிருந்தது. இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிமாருக்கு உதவும் என்பதால் முறையை எழுதிவைக்கிறேன்.

நீளக் கிளாஸை முதலிலேயே ஃப்ரீசரில் வைக்க வேண்டும். ஐஸ் கிளாஸின் விளிம்பு வரைக்கும். நான் ஆரம்பத்தில் இரண்டு கட்டிதான் போட்டேன், ஐஸ் கூடினால் தண்ணீர் கூடும் என்ற நினைப்பில். அது தலைகீழான நினைப்பு. நிறைய ஐஸ் போட்டால் கிளாஸ் முழுக்கக் குளிர்ந்து ஐஸ் மெதுவாகக் கரையும். இரண்டே கட்டி என்றால் எங்கள் ஊர்ச் சூட்டுக்கு மேசைக்குப் போய்ச் சேருமுன் கரைந்துவிடும். ஜின் ஒரு மெஷர். டொனிக் அதில் மூன்று பங்கு. டின் அப்போதுதான் உடைத்ததாக இருக்க வேண்டும்; நேற்றைய மிச்சம் ஆகாது. டொனிக்கைக் கரண்டியின் முதுகில் படும்படி மெல்ல ஊற்ற வேண்டும். கரண்டியால் ஒரு தரம் கிண்டினால் போதும். பல தரம் கிண்டினால் கேஸ் போய்விடும். கடைசியில் தேசிக்காய்த் துண்டு ஒன்று.

அதன்பிறகு காதைக் கிட்டக் கொண்டுபோவேன். எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி மெல்லிய சத்தம் வந்தால் சரி. முதல் சில வருடம் மணமும் பார்த்தேன். டொக்டர் அதைக் காட்டுப் பழத்தின் மணம் என்பார். எனக்கு அது வார்னிஷ் அடித்த தச்சுப் பட்டறை மணம்.

என் மனைவி ஆசியாவுக்கு முதல் வருடம் இதைச் சொல்லவில்லை. சொன்ன அன்று அவள் கேட்டது ஒன்றுதான்.

"றிஸ்னாட வாப்பா, நீங்க குடிக்கல்லதானே?"

"அல்லாஹ்வுக்குப் பொதுவா இல்ல."

"அப்ப மணத்தோட ஊட்டுக்கு வராதீங்க."

டொக்டர் வீட்டில் கை கழுவ எனக்கென்று தனிச் சவுக்காரம் வைத்தேன், சேர்ட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். நான் குடிக்கவில்லைதானே என்ற தைரியத்தில் பதினொரு வருடம் ஓடிவிட்டது.

3. ஞாயிறு பின்னேரம்

அந்த வருடம் என் மகள் றிஸ்னாவுக்கு மருதமுனையில் மாப்பிள்ளை பேசியிருந்தோம். மாப்பிள்ளையின் வாப்பா நெசவுத் தறி வைத்திருக்கிற ஹாஜியார், பள்ளிவாசல் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர். எங்கள் ஊர் வழக்கப்படி மகளுக்குக் கொடுக்கிற வீட்டைக் கட்டி, ஓடு போட்டு, கதவுக்கு வர்ணமும் பூசிவிட்டேன். நாள் குறிப்பது மட்டும்தான் மிச்சம்.

அப்போதுதான் டொக்டரின் பழைய சிநேகிதர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். அவரும் டொக்டர்தான். கல்முனை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓட்டோ பிடித்து வந்தார். ஓட்டோக்காரர் மருதமுனை ஆள். திரும்பக் கொண்டுபோகக் குசினி வாசலில் காத்திருந்தார். அவருக்குப் பிளேன்டீ கொடுத்துவிட்டு, உள்ளே இரண்டு கிளாஸ் கொண்டுபோய் வைத்தேன்.

சிநேகிதர் ஒரு வாய் குடித்தார்.

"டேய், இதில ஜின் எங்க?"

"உனக்கு நாக்குச் செத்துப்போச்சு," என்றார் டொக்டர்.

"எனக்கா? போத்தலக் கொண்டா பாப்பம்."

போத்தலிலிருந்து வெறுமனே ஊற்றிக் குடித்தார்கள். டொக்டரின் முகம் சுருங்கியது. நேரே குசினிக்கு வந்தார்.

"உதுமான், அலுமாரிச் சாவி ஆரிட்ட இருக்கு?"

"என்னிட்ட ஒண்டு ஐயா. டீச்சரிட்ட ஒண்டு."

"டீச்சர் இந்தப் போத்தலத் தொடவே மாட்டா. மிச்சம் ஆரு?"

எனக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, வெட்கம். செய்யாத குற்றத்துக்கு எதற்கு வெட்கம் வருகிறது என்று இன்றுவரை விளங்கவில்லை. டீச்சர் வாசலில் நின்றார். வெளியே ஓட்டோக்காரர் பிளேன்டீயைச் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நாளைக் காலம வரைக்கும் பொறுங்க. நான் காட்டுறன்," என்றேன்.

ஒரு முறை தவறுதலாக ஜின் போத்தலை ஃப்ரீசரில் வைத்துவிட்டு, சோடாப் போத்தல் மாதிரி வெடிக்கப்போகிறது என்று பதறி ஓடிவந்திருக்கிறேன். டொக்டர் சிரித்து, "ஜின் உறையாது உதுமான், தண்ணிதான் உறையும்," என்றார். அது ஞாபகத்தில் இருந்தது. ருசி பார்க்க முடியாதவனுக்கு வேறு என்ன வழி? போத்தலில் இருந்ததில் கொஞ்சத்தைச் சின்னக் கோப்பையில் ஊற்றி, டொக்டர் பார்க்கவே ஃப்ரீசருக்குள் வைத்தேன்.

4. கட்டி

காலையில் மூன்று பேரும் ஃப்ரீசரின் முன்னால் நின்றோம். கோப்பையைக் கவிழ்த்தேன். விழவில்லை. கரண்டியால் தட்டினேன். 'டொக் டொக்' என்றது.

"பாத்தீங்களா ஐயா? இது ஜின் இல்ல. தண்ணி ஊத்தியிரிக்கி."

எனக்குப் பெரிய பெருமை. டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதத்தானே நானும் சொல்றன். நீ குடிச்சிப்போட்டு, தெரியாம இருக்கத் தண்ணி ஊத்தியிருக்காய்."

அந்தப் பக்கம் நான் யோசிக்கவே இல்லை. எனக்கு எதிரான சாட்சியை நானே ஓர் இரவு முழுக்கக் குளிரில் வைத்துப் பக்குவமாக எடுத்துக் கொடுத்திருந்தேன்.

"பதினொரு வருஷம் உதுமான்," என்றார். "கேட்டிருந்தா நானே தந்திருப்பன்."

அதுதான் எனக்குச் சுட்டது. கள்ளன் என்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கண் கலங்கிவிட்டது. சாவியை எடுத்து மேசையில் வைத்தேன்.

"அவர விடுங்க," என்றார் டீச்சர். "நான்தான் ஊத்தினன்."

டொக்டர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன?"

"ஓம். பொங்கலுக்குப் பிறகு வந்த போத்தல் எல்லாத்துலயும். முதல்ல பாதிக்குப் பாதி. நீங்க ஒண்டும் சொல்லல்ல எண்டதும் இன்னும் கூட்டினன்."

"எடுத்த ஜின்ன என்ன செஞ்ச நீ?"

"கறிவேப்பில மரத்தடியில ஊத்தினன்."

அந்த மரம் பட்டுப்போன காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் இரண்டு தரம் உரம் போட்டிருந்தேன்.

டொக்டர் விரல் மடித்து மாதங்களை எண்ணினார். நாலு. அந்த நாலு மாதத்தில் "இந்தப் போத்தல் நல்ல கடுமை" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். நாக்குத் தடுமாறியிருக்கிறார். கதிரையில் காலைத் தூக்கிப் போட்டுப் பாட்டும் படித்திருக்கிறார். அதை நான் ஞாபகப்படுத்தவில்லை. டீச்சர் ஞாபகப்படுத்தினார்.

"போன கிழம வெறி ஏறிட்டு எண்டு சொல்லி ரெண்டு பாட்டுப் படிச்சீங்க. தண்ணிக்கு."

"ஏன் இப்பிடிச் செஞ்ச நீ?"

"ஈரல் ரிப்போட்ட மேச லாச்சிக்குள்ள ஒளிச்சு வெச்சது ஆரு? உங்களிட்ட வாயால சொல்லேலாது. நீங்க டொக்டர். உங்களுக்கு ஆரு வைத்தியம் சொல்ற?" டீச்சரின் குரல் உடைந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடுங்க உதுமான் காக்கா. நேத்தே சொல்லியிருக்கணும். பயந்திட்டன்."

எனக்குக் கோபம் ஆறவில்லை. "டீச்சர், உங்களுக்கு இது ஒரு பின்னேரத்துப் பிரச்சின. எனக்கு ஊருக்குள்ள மானம்," என்றேன். அப்படி அவரிடம் நான் கதைத்தது அந்த ஒரு தரம்தான்.

அப்போது கைபேசி அடித்தது. ஆசியா. ஹாஜியார் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறாராம், நாள் குறிக்கிறதைக் கொஞ்சம் பொறுப்போம் என்று. ஓட்டோக்காரர் குசினி வாசலில் கேட்டதையெல்லாம் இரவோடு இரவாக மருதமுனையில் இறக்கியிருக்கிறார். போனில் றிஸ்னா அழுகிற சத்தமும் கேட்டது.

ஆசியா சொன்னதை டொக்டரிடம் சொன்னேன். "சேர்ட்டப் போட்டுட்டு வாறன். வா மருதமுனைக்கு," என்றார்.

5. தறிக் கொட்டில்

ஹாஜியார் தறிக் கொட்டிலில் இருந்தார். எங்களைக் கண்டதும் கையைக் காட்ட, தறிகளின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. டொக்டர் கதிரையில் இருக்கவும் இல்லை. ஊரில் யாரும் முன்னால் கைகட்டி நிற்கிற மனுஷன், அன்று அவர் நின்றுகொண்டு கதைத்தார்.

"ஹாஜியார், குடிக்கிறவன் நான். இவர் ஒரு சொட்டும் வாயில வெச்சதில்ல. தண்ணி ஊத்தினது என்ட மனுசி, எனக்குத் தெரியாம. நான் விளங்காமக் கத்திப்போட்டன். பிழை என்ட."

அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் முழுக்கப் போய்விட்டது.

ஹாஜியார் தலையாட்டினார். "அல்ஹம்துலில்லாஹ். நல்லா விளங்கிச்சு டொக்டர். நீங்க இவ்வளவு தூரம் வந்தது பெரிய விஷயம்." பிறகு என்னைப் பார்த்தார். "ஒண்டு கேப்பன் தம்பி. குறை நினைக்காதீங்க. ஊத்திக் குடுத்த ஆரு?"

"நான்தான்."

"பதினொரு வருஷமா?"

"ஓம் ஹாஜியார்."

அவர் நூல் கண்டு ஒன்றை எடுத்துக் கையில் உருட்டினார். ஏசுவார் என்று நின்றேன்.

"அங்கயே வேல செய்ங்க. சோறாக்குங்க, ஊட்டத் துப்புரவாக்குங்க. நல்ல மனுஷரு. அந்தக் கிளாஸ மட்டும் இண்டையோட வெச்சிருங்க. மத்தப்படி, பெருநாளைக்குப் பிந்தி நாள் பாப்பம்."

6. டொக்டர் தானே கலக்கியது

அன்று பின்னேரமே டொக்டர் குசினிக்கு வந்தார். அலுமாரியில் புதுப் போத்தல், டீச்சர் கை வைக்காதது. நான் வெங்காயம் அரிந்துகொண்டு வாயால் மட்டும் சொன்னேன். ஐஸ் தட்டை முறுக்கத் தெரியாமல் சுவரில் அடித்தார். ஐஸ் நாலு பக்கமும் தெறித்தது. தேசிக்காயோடு விரலையும் கொஞ்சம் வெட்டிக்கொண்டார். டொனிக் பொங்கி மேசையெல்லாம் ஓடியது. ஒரு கிளாஸ் உருவாக அரை மணித்தியாலம் ஆனது. அதை எடுத்துக்கொண்டு போய்க் கடலைப் பார்த்துக் குடித்தார்.

குடித்து முடித்து எழுந்து வந்தார். ஐஸ் தட்டைப் பார்த்தார். ஈரமான மேசையைப் பார்த்தார்.

"ஆரு இனி அந்தத் தட்டோட மல்லுக்கட்டுற," என்று சொல்லிவிட்டுச் சோறு கேட்டார்.

அடுத்த நாளும் ஒன்றுதான். அதற்கடுத்த நாளும் ஒன்றுதான். சில நாட்களில் அதுவும் இல்லை. இப்படியே மூன்று மாதம் போக, டீச்சர் புது ரிப்போர்ட்டை எனக்குக் கொண்டுவந்து காட்டினார். எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டேன்.

இந்தத் தொழிலில் நான் படித்த பாடம் என்ன என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். டொக்டர் ஒரு நாளைக்கு இரண்டு கிளாஸ் குடிக்கிறவர் என்றுதான் அந்த வீட்டில் எல்லோரும் சொல்வோம், அவர் உட்பட. யோசித்துப் பார்க்கிறேன், பதினொரு வருடத்தில் ஒரு நாளாவது அந்த மனுஷன் வாய் திறந்து இரண்டாவது கிளாஸ் கேட்டதில்லை. கிளாஸ் காலியாவதைப் பார்த்து, கேட்குமுன் அடுத்ததைக் கொண்டுபோய் வைத்தவன் நான். நல்ல வேலைக்காரன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.