கை ரெண்டும் மடியில்

"முதல்ல கை ரெண்டையும் மடியில வைங்க. வச்சாச்சா? இப்ப சொல்லுங்க, எங்கெங்க கை வச்சீங்க?"

தொலைபேசியை எடுத்ததும் ரூட்டக்கா கேட்பது இதைத்தான். எதிர்முனையில் முதலாளியே இருந்தாலும் சலுகை கிடையாது. விரல் விசைப்பலகையில் இருக்கும்வரை யாரும் உண்மை பேசமாட்டார்கள் என்பது அவர் கட்சி. "நான் ஒண்ணுமே பண்ணலக்கா" என்று சத்தியம் செய்கிறவர்தான் ஏழு இடத்தில் கை வைத்திருப்பார்.

அது கட்டடங்களுக்குப் படம் வரையும் அலுவலகம். பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். அவர்களுடைய கணினி, விபிஎன் என்ற ரகசிய வழியாக அலுவலகத்துக்குள் வந்து போகிறது. வழி அடைத்துக்கொண்டால் அடைப்பை எடுத்து ரூட்டைச் சரிசெய்வது அக்காவின் வேலை. பெயர் வைத்தது யாரென்று தெரியாது. சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவர் ரூட்டக்காதான்.

அவர் மேசையில் மூன்று பழைய மடிக்கணினிகள் இருக்கின்றன. மூன்றும் மூன்று மாப்பிள்ளைகளாம். "விண்டோஸ் பெரிய மாப்பிள்ளை. எல்லாத்துக்கும் நாலு தடவ சம்மதம் கேப்பாரு, கடைசில அவர் இஷ்டத்துக்குத்தான் செய்வாரு. மேக் நடு மாப்பிள்ளை, சட்டை கசங்காது. எதை எங்க வச்சிருக்காருன்னு மட்டும் காட்டமாட்டாரு. லினக்ஸ் சின்னவரு. சொன்னதச் செய்வாரு. நாம தப்பா சொன்னா, தப்பயும் சுத்தமா செஞ்சு முடிச்சிடுவாரு."

ஒழுங்கு அவருக்கு ஒரு நோய். மேசைக்கடியில் ஓடும் வயர்களைப் பச்சை நூலால் கட்டி வைத்திருப்பார். பக்கத்து மேசைக்காரர் எழுந்து போனால் அவருடைய வயர்களும் கட்டப்பட்டுவிடும். ஒட்டுப்போட்ட வேலையைக் கண்டால் இவருக்குக் கை அரிக்கும்.

அந்த அரிப்புதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காலை வாரிவிட்டது. வீட்டிலிருந்தபடி, விபிஎன் வழியாகவே அலுவலகத்துக்குள் போய், எது எந்த வழியில் போகவேண்டும் என்று சொல்லும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பாதைப் பட்டியலை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தார். தேவையில்லாத வரி என்று ஒன்றை அழித்தார். அவர் உள்ளே வந்திருந்த வழியே அதுதான். உட்கார்ந்த கிளையை வெட்டிய கதை. அதைச் சரிசெய்யப் பாதி ஊரைத் தாண்டி அலுவலகத்துக்கு அவரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்ட வீட்டுக்காரர், "சாவிய உள்ள வச்சிட்டு வெளியில நின்னு பூட்டிட்டியா?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அக்கா அதை இன்னும் மறக்கவில்லை. மடிச் சட்டம் பிறந்தது அதற்கு மறுநாள்.

போன புதன்கிழமை பத்து மணிக்கு, கால் உடைந்து வீட்டில் கிடக்கும் இன்ஜினியர் கூப்பிட்டார்.

"அக்கா, சைட்ல மூணு கான்கிரீட் கலவை லாரி சுத்திக்கிட்டே நிக்குது. பதினொண்ணுக்குள்ள ஊத்தலன்னா இறுகிடும். கம்பிப் படத்தப் பாத்து நான் ஆபீஸ் சிஸ்டத்துக்குள்ள ஓகே குடுத்தாத்தான் ஊத்துவாங்க. விபிஎன் கனெக்டட்னு காட்டுது, படம் மட்டும் தொறக்கல."

"கை எங்க இருக்கு சார்?"

"மடியிலதான்."

அவரது மேக்கின் திரையைத் தன் திரையில் வரவழைத்து அக்கா இருபது நிமிடம் துழாவினார். பிடி கிடைக்கவில்லை. மனைவியின் விண்டோஸில் பார்க்கச் சொன்னார். திறக்கவில்லை. மகளின் லினக்ஸிலும் அதே கதை. "மணி பத்தரை ஆச்சுக்கா" என்றார் இன்ஜினியர். அக்காவோ சிரித்தார்.

"மூணு மாப்பிள்ளையும் ஒரே நாள்ல முறுக்கிக்கிட்டா, கோளாறு மாப்பிள்ளைங்ககிட்ட இல்ல சார். வீட்டுலதான் ஏதோ இருக்கு."

அலுவலகத்துப் படங்களெல்லாம் இருக்கும் கணினிக் கிடங்கின் முகவரி எண்ணை மேக்கின் உலாவியில் தட்டினார். பக்கம் பளிச்சென்று திறந்தது: 'கறுப்பு மை தீர்ந்துவிட்டது. மாற்றவும்.'

"வீட்டுல பிரிண்டர் இருக்கா?"

"இருக்கு. இன்டர்நெட் பொட்டிதான் நேத்துப் புதுசா மாத்தினாங்க."

அந்தப் பெட்டி, கிடங்குக்கு இருந்த அதே எண்ணைப் பிரிண்டருக்கும் கொடுத்துவிட்டிருந்தது. இரண்டு தெருவில் ஒரே கதவு இலக்கம். கணினி கிட்டத்தில் இருந்த கதவைத் தட்டிவிட்டு, படம் வரவில்லை என்று உட்கார்ந்திருந்தது. அக்கா ஒரே வரி அடித்தார்: இந்த எண்ணுக்கு மட்டும் விபிஎன் வழியாகப் போ. படம் திறந்தது. மணி பத்து நாற்பது.

இன்ஜினியர் இன்னொரு போனில் சைட்டோடு பேசுவது கேட்டது. "ஆறுதான் கட்டியிருக்கா? நாலாவது தூண்ல ரெண்டு கம்பி கொறையுதே. ஆமா, படத்துல எட்டு. மொதல்ல அதக் கட்டுங்க, லைன்லயே இருக்கேன்." பிறகு இந்தப் பக்கம், "அக்கா, நல்லவேளை. இன்னும் மூணு தாள் இருக்கு, பாத்துடறேன்."

"பாருங்க சார்."

அக்காவின் திரையில் அந்த ஒற்றை வரி தெரிந்தது. அசல் ஒட்டுவேலை. கணினியை அணைத்தால் போய்விடும். புதுப் பெட்டியின் எண்களையே மாற்றிவிட்டால் எல்லாம் நேராகிவிடும், இரண்டே நிமிட வேலை. மாற்றும்போது இணைப்பு அறுந்தால், மூன்று தாளும் மூன்று லாரியும் அந்தரத்தில் நிற்கும். வலது கை மெல்ல விசைப்பலகைப் பக்கம் ஊர்ந்தது. அக்கா இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுவந்து மடியில் வைத்தார். "ஊத்துங்க" என்ற சொல் காதில் விழும்வரை பிடியை விடவில்லை.