மூளிக் கார்டு

அப்பா கார்டிங்கில் வேலை பார்த்தவர். உதறிய பஞ்சை முள் உருளைகளுக்கு நடுவே விட்டுச் சீவி, மெத்தென்ற வடமாக இழுக்கும் பகுதிக்கு மில்லில் அந்தப் பெயர். வேடசந்தூர் சாலையில் இருந்த அந்த நூற்பு மில்லில் வேறு எந்தப் பகுதியிலும் அவ்வளவு தூசி கிடையாது. ஆரம்பத்தில் அவருக்குத் திங்கட்கிழமை காலைகளில் மட்டும் நெஞ்சு அடைக்கும். வாரம் போகப் போக இளகும். நான் மதுரையில் கணிதப் பட்டம் வாங்கிய ஆண்டில் எல்லா நாளும் திங்கட்கிழமையாகிவிட்டது. மில் டாக்டர் பார்த்தார். இனி வேலைக்கு ஆகாது என்று எழுதிக் கொடுத்தார்.

அப்பாவின் இடத்தை மகனுக்குத் தருவதாக மில்லில் சொன்னார்கள். கார்த்திகை முடிவதற்குள் சேர்ந்துவிட வேண்டும். ஆபீசில் காலியில்லை, மிஷின் வேலைதான் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் என் அக்காவின் கணவர். மச்சான் அதே மில்லில், வடத்தை நூலாக முறுக்கும் ஸ்பின்னிங் பகுதியில் இருந்தார்.

அப்பா கட்டிலில் இரண்டு தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். மச்சான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, என்னிடம் திரும்பினார்.

"ஏலே, பிச்ச எடுக்கணும்னா பஸ் ஸ்டாண்டுல போயி எடு. அந்தக் கேட்டுக்குள்ள நீ கால வச்சா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

"அப்ப யாரு மாமா சம்பாரிக்கிறது?" என்றார் மச்சான்.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருமல் வந்து அதை மறைத்தது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நான் பதிந்து வைத்திருந்தேன். வாத்தியார் வேலைக்கு இன்னும் ஒரு வருடம் படிக்க வேண்டும், அதற்கு வழியில்லை. காலையில் நகராட்சிப் படிப்பகத்துக்குப் போய் ஆங்கிலப் பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படிப்பதுதான் என் வேலையாக இருந்தது. அங்கேதான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். கணக்கு யந்திரங்கள் செய்யும் ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி, தன் சென்னைக் கிளையில் கணிதம் படித்தவர்களை ஓராண்டுப் பயிற்சிக்கு எடுக்கிறது. பயிற்சிக் காலத்திலேயே உதவித் தொகை உண்டு. தேறினால் வேலை நிச்சயம். யந்திரம் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதக் கற்றுக் கொடுப்பார்கள். அப்படி எழுதுவதற்குப் புரோகிராம் என்று பெயர்.

வீட்டில் இதைச் சொன்னதும் அப்பா கேட்டார்: "புரோகிராமா? ரேடியோவுலயா?"

மச்சானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மிசினுக்குப் பாடம் நடத்தப் போறியாக்கும் மாப்ள? எங்க மிசினுக்கும் செத்த ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் போ. நூல அறுக்காம ஓடச் சொல்லு. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"சொன்னாக் கேக்குமாப்பா?" என்று அம்மா என்னிடம் உண்மையாகவே கேட்டாள்.

"எழுதிக் குடுத்தா கேக்கும்மா."

"அப்ப நம்ம ஊட்டு ஆம்பளைங்களுக்கு அது தேவலை" என்றாள். அப்பாகூடச் சிரித்தார். அந்த வீட்டில் அந்த மாதம் கேட்ட ஒரே சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

விண்ணப்பம் எழுதினேன். அம்மா அதன் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்தின் கீழே வைத்து எடுத்துக் கொடுத்தாள். பரீட்சை நுழைவுச் சீட்டுகளுக்கெல்லாம் அப்படிச் செய்பவள்தான். மஞ்சள் தடவிய விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. மதுரையில் ஒரு ஓட்டல் ஹாலில் எழுத்துத் தேர்வு. நான் பயந்த கணக்கு எதுவும் கேட்கவில்லை. வரிசையாகச் சில படங்கள் இருக்கும். அடுத்து எது வரும் என்று சொல்ல வேண்டும். எனக்கு அது சுலபமாக வந்தது. வெளியே வந்தபோது மற்றவர்களின் முகங்களைப் பார்த்துத்தான் அது எல்லோருக்கும் சுலபமில்லை என்று தெரிந்தது.

ஐப்பசி கடைசியில் சென்னையிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. தேர்வில் தேறிவிட்டேன். நேர்முகத்துக்கு அழைக்க வேண்டியவர்களை யந்திரமே வரிசைப்படுத்தும் என்றும், கூடவே வைத்திருக்கும் கார்டில் கையெழுத்திட்டு, குறித்த தேதிக்குள் கிடைக்குமாறு திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். மடிக்கக் கூடாது, நனைக்கக் கூடாது, குத்தக் கூடாது.

"கார்டு வந்திருக்குப்பா" என்றேன்.

"கார்டுன்னாலே எனக்கு இருமல் வருது" என்றார் அப்பா. ஆனால் கையில் வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். வெளிர் மஞ்சள் நிறத்தில், நீண்ட சதுரமான அட்டை. மெல்லியதுதான், ஆனால் விறைப்பானது. அதில் சின்னச் சின்ன நீள்சதுரத் துளைகள். அந்தத் துளைகள்தான் என் எண் என்று விளக்கினேன். "ஓட்டையில இம்புட்டு இருக்கா?" என்று அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடிக்கக் கூடாது, நனைக்கக் கூடாது என்பதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்துக் காட்டினேன்.

கையெழுத்திட்டுச் சாமி படத்தின் அருகே வைத்துவிட்டு, விறைப்பான உறை வாங்கக் கடைவீதிக்குப் போனேன். மறுநாள் காலையில் பதிவுத் தபாலில் சேர்ப்பதாகத் திட்டம். திரும்பியதும் வீட்டுக்குள் போகவில்லை. குழாயில் தண்ணீர் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டுக்கு வந்து வாசலிலிருந்த குடத்தை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். இருட்டிய பிறகுதான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

அந்தக் கார்டின் இடது மேல் மூலை சரிவாக வெட்டப்பட்டிருந்தது. கார்டுக் கட்டுக்குள் ஒன்று தலைகீழாக இருந்தால் கண்டுபிடிப்பதற்காக எல்லாக் கார்டுகளையும் அப்படி வெட்டுவார்கள். அது எனக்குப் பின்னால் தெரிந்த விஷயம். அன்று நான் அந்த மூலையைக் கவனிக்கவே இல்லை.

அம்மா கவனித்திருக்கிறாள். நான் பார்த்தபோது கார்டுக்கு நான்கு மூலைகளும் இருந்தன. அக்காவின் கல்யாணப் பத்திரிகை அட்டையிலிருந்து ஒரு முக்கோணம் வெட்டி, வெட்டுப்பட்ட இடத்தில் பொருத்தி, பின்பக்கம் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து ஒட்டியிருந்தாள். அவ்வளவு சுத்தமான வேலை. விளிம்பை விரலால் தடவினால்தான் ஒட்டுத் தெரியும். பசை, சோற்றுப் பருக்கையை நசுக்கியது. அரிசி கிடைக்காத காலம் அது. நாங்கள் கேப்பைக் களி சாப்பிட்டோம். அப்பாவின் கஞ்சிக்கு மட்டும் அரிசி. அந்தக் கஞ்சியிலிருந்து எடுத்த பருக்கைகள். நான்கு மூலைகளிலும் மஞ்சள் இருந்தது.

"என்னம்மா செஞ்ச?"

"மூளியா வந்திருக்கு அப்பு. அனுப்புனவன் பாக்காம அனுப்பிட்டான் போல."

"அவங்களே வேணும்னு வெட்டியிருப்பாங்கம்மா. அப்படித்தான் இருக்கும்."

"மூலைய வெட்டிட்டு யாராச்சும் நல்ல காயிதம் அனுப்புவாகளா?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். அப்பா அடுத்த அறையில் இருந்தார். "அந்த மனுசன் இப்படிக் கெடக்கையில, மூளியா ஒண்ணு ஊட்டுக்குள்ள வந்து சாமிகிட்ட ஒக்காரலாமா? பாத்ததுலேருந்து எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருக்கு. நீ சொன்னியேன்னுதான் மடிக்கல. மஞ்சளக்கூட கெட்டியாத்தான் கொழச்சேன். தண்ணியே காட்டல."

உறுப்பு குறைந்த பொருளை எங்கள் பக்கம் மூளி என்போம். தாலியும் தோடும் கழற்றப்பட்ட பெண்ணையும் அதே சொல்லால்தான் சொல்வார்கள். அதற்குமேல் அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

ஈரத்துணியை ஒட்டில் வைத்து ஊறவிட்டு, மெல்ல உரித்தேன். முக்கோணம் கழன்றது, கூடவே கார்டின் மேல்தோலும் கொஞ்சம் வந்துவிட்டது. அந்த ஓரம் தடித்து அலை அலையாக நின்றது. மஞ்சள் உள்ளே இறங்கியிருந்தது. புதுக் கார்டு கேட்டு எழுதி அது வந்து சேர்வதற்குள் தேதி போய்விடும். இரவு முழுவதும் கார்டை இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றி வைத்தேன். காலையிலும் அது தட்டையாகவில்லை.

ஒரு கடிதம் எழுதி அதோடு சேர்த்து அனுப்பினேன். "தவிர்க்க முடியாத விபத்தினால் கார்டு சேதமடைந்தது, மன்னிக்க வேண்டும்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். என்ன விபத்து என்று எழுத முயன்று, அடித்து, வேறு தாள் எடுத்தேன். மூளி என்பதற்கு ஆங்கில வார்த்தை இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

கார்த்திகை பாதியில் பதில் வந்தது. அச்சடித்த தாள், பெயர் மட்டும் தட்டச்சில். இம்முறை உங்களைப் பரிசீலிக்க இயலாமைக்கு வருந்துகிறோம். காரணம் எதுவும் இல்லை.

கார்டினால்தானா என்பது எனக்குத் தெரியாது. வெகுகாலம் கழித்து, மதுரையில் ஓர் அலுவலகத்தில் அப்படிப்பட்ட யந்திரத்தில் வேலை பார்த்த ஒருவரிடம் கேட்டேன். "தடிச்ச கார்டு வந்தா மிஷின் சிக்கிக்கும் சார். எடுத்து வச்சுக்கிட்டு நாங்களே புதுசா ஒண்ணு துளை போட்டுருவோம். அதுக்காக ஒரு ஆளத் தள்ளுவாங்களா?" என்றார். சற்று யோசித்துவிட்டு, "வேலை நெருக்கடியில எடுத்து வச்சது எடுத்து வச்சபடியே கெடந்ததும் உண்டு" என்றும் சொன்னார். இரண்டையும் அப்படியே குறித்துக்கொண்டேன். அப்போது அம்மா உயிரோடு இல்லை.

அன்று ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன்தான். தாளை முழுதும் படித்துவிட்டு நிமிர்ந்தால், அம்மா அடுப்படி வாசலில் நிற்கிறாள். அடுப்பில் எதுவோ தீய்கிற வாசனை, அவள் திரும்பவில்லை.

"மார்க்கு பத்தலயாம்" என்றேன்.

"தேறிட்டேன்னு சொன்னயே?" என்றார் அப்பா.

"தேறினவங்கள்லயும் கூட வாங்கினவங்களத்தான் எடுக்குறாங்களாம்."

அம்மா என் முகத்தையே பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. அப்பா நம்பிவிட்டார். என் மார்க்குகளைப் பற்றி மில் கேட்டில் நின்று பல வருடம் பேசியவர் அவர். யாராவது உடம்பு விசாரிக்க வந்தால் இப்போது அதையே வேறு மாதிரி சொன்னார். மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோதும் சொன்னார்.

"வெள்ளக்காரன் மிசினு நம்ம பய மூளைய மோந்து பாத்துட்டு, வேணாஞ்சாமின்னு திருப்பிருச்சு மாப்ள. அம்புட்டுப் படிப்பும் ஆத்துல கொட்டுனதுதான்."

"விடுங்க மாமா. நம்ம மில்லு மிசினு மோந்தெல்லாம் பாக்காது, யாரக் குடுத்தாலும் வாங்கிக்கும்" என்றார் மச்சான்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா மச்சானுக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை.

"மிசினு ஒண்ணும் அவன் மூளைய வேணாங்கல" என்றாள்.

"பெறகு?"

"அவுக அனுப்புன கார்டுல ஒரு மூல மூளியா இருந்துச்சு. நான் ஒட்டிப்புட்டேன். ஒட்டக்கூடாதாம்."

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. "ஒட்டுனியா? என்னத்துக்கு ஒட்டுன?"

அம்மா சேலைத் தலைப்பைக் கழுத்துத் தாலியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தை. மச்சான் மோர் டம்ளரைக் கையில் எடுத்தார், குடிக்காமல் வைத்திருந்தார்.

அப்பாவுக்கு வழக்கமாக வரும் இருமல்கூட அப்போது வரவில்லை. மச்சானிடம்தான் திரும்பிப் பேசினார்.

"இவன எப்ப வரச் சொல்றாக?"

"நாளைக்குக்கூடக் கூட்டிட்டு வரலாம் மாமா."

"ஒங்க பக்கம் போடச் சொல்லுங்க. ஸ்பின்னிங்குல."

"சொல்லிப் பாக்குறேன்" என்று மச்சான் எழுந்தார். "வாரேன்."

அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மோர் அப்படியே இருந்தது.

மறுநாள் மச்சானின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஸ்பின்னிங்கில் ஆள் நிறைந்திருந்தது. மச்சான் என்னை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய் இரண்டு பேரிடம் பேசிப் பார்த்தார், வந்து தலையாட்டினார். காலியாக இருந்தது அப்பாவின் இடம்தான். அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். பட்டப்படிப்பு முடித்தவன் என்று யாரோ சொல்ல, மேஸ்திரி என்னிடம் ஒரு துடைப்பத்தைக் கொடுத்து, முதலில் மிஷினுக்கு அடியில் கூட்டச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே அப்பா கேட்டார்.

"எந்தப் பக்கம்?"

"ஸ்பின்னிங்" என்றேன்.

அம்மா என்னைத் தாண்டிப் போய், கொல்லையில் வெந்நீர் விளாவினாள். குழாயில் அன்றும் தண்ணீர் வரவில்லை. குடிக்க வைத்திருந்த குடத்திலிருந்துதான் ஊற்றினாள். அப்பா தலையணையில் சாய்ந்தபடி என் தலைமுடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பின்னிங்கில் அவ்வளவு தூசி ஒட்டாது என்பது அத்தனை வருடம் அந்த மில்லில் உழைத்தவருக்குத் தெரியாததல்ல. அவர் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"குளிச்சிட்டு வந்து சாப்புடு" என்றார்.