மாமாவுக்குப் பிடிக்காத கேசட்

எங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணம் நடந்ததற்குக் காரணம் வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர். பாவம், அவர்களுக்கு இந்த விஷயம் தெரியாது. ஒருவர் கிடார் வாசிப்பார், இன்னொருவர் பாடுவார். கேசட் அட்டையில் இருவருக்கும் என்னைவிட நீளமான தலைமுடி. காலேஜ் ஹாஸ்டலில் அந்த இருவரின் முதல் கேசட்டை வைத்திருந்தவர் மாமா. அதைப் போட்டுக் கேட்க டேப்ரிகார்டர் வைத்திருந்தவர் அப்பா. அப்படி ஒட்டிக்கொண்ட சிநேகத்தில் அப்பா திண்டிவனத்துக்கு மாமா வீட்டுக்குப் போக, அங்கே மாமாவின் அக்கா காபி கொண்டுவந்து வைத்தார். அந்த அக்காதான் எங்கள் அம்மா.

கல்யாணத்துக்குப் பிறகு மாமா மரியாதையாக "வாங்க மாமா, போங்க மாமா" என்று அப்பாவை அழைக்கத் தொடங்கினார். ஆனால் அந்த இரட்டையரைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் பழையபடி "டா"தான். என்னைப் பொறுத்தவரை அது மழை வரும் அறிகுறி மாதிரி. "டா" கேட்டால் நான் வாசல் பக்கம் போய்விடுவேன்.

நான் சர்ச்சில் முதல் நற்கருணை வாங்குவதற்காகப் புதுநன்மை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம், பல காலம் சத்தமே இல்லாமல் இருந்த அந்த இரட்டையர் புதிதாக ஒரு கேசட் வெளியிட்டார்கள். அப்பா பாண்டிச்சேரிக்குப் போய் வாங்கி வந்தார். பக்கத்து வீட்டு டேப்ரிகார்டரை இரவல் வாங்கி, அதை இன்னொரு கேசட்டில் பதிவு செய்து மாமாவுக்கு அனுப்பினார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பிட உட்காரும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"எப்படி?" என்றார் அப்பா, ஆசையாக.

"இன்னாடா இது, எழவு ஊடு மாதிரி பாடிக்கினு இருக்கானுங்க? ரெண்டு பேருக்கும் வயசாயிட்டுது, விட்டுட்டு ஊட்டாண்ட உக்கார வேண்டியதுதான?"

அப்பா சோறு பிசைந்த கையை அப்படியே நிறுத்தினார். "கடைசிப் பாட்டைக் கேட்டியாடா? குதிரை மாதிரி ஓடுது!"

"குதிரையா? வண்டிமாடு மாதிரி படுத்துக்கினு எழுந்திருக்கவே மாட்டேங்குது!"

அன்றைக்கு யாராவது ஒருவர் சிரித்திருந்தால் போதும். சிரிக்கவில்லை. அப்பா, "உன் காதுக்கு இனிமே லாரி ஹாரன்தான்டா லாயக்கு" என்றார். மாமா, "காது இருக்கிறவன் எவனும் இத ரெண்டாவது வாட்டி கேக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அம்மா தெருமுனைவரை பின்னாலேயே போய்ப் பார்த்தார். மாமா திரும்பவில்லை.

அதன்பிறகு மாதக்கணக்கில் அவர் வரவில்லை. தாய்வீடு என்று அம்மாவுக்கு இருந்தது மாமா ஒருவர்தான். எங்கள் வழக்கப்படி புதுநன்மைக்கு வெள்ளை கவுன் எடுத்துத் தர வேண்டியவரும் தாய்மாமன்தான். கவுன் வராதே என்பது என் கவலை. அம்மாவின் கவலை வேறு. அது சமையலில் தெரிந்தது, உப்பு கூடவும் குறையவும் இருந்தது.

ஒருநாள் திண்டிவனத்திலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவரிடம் மாமா அந்தக் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தனுப்பியிருந்தார். இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. அப்பா முகம் சிவக்க அதை டேப்ரிகார்டரில் போட்டார். முதல் பாட்டு ஏதோ ஓடியது. போகப்போக இரட்டையரின் குரல் கனத்து, இழுத்து, கடைசிப் பாட்டுக்கு வரும்போது இரண்டு எருமைகள் ஒன்றுக்கொன்று ஆறுதல் சொல்வதுபோல் ஆகிவிட்டது.

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார். "இன்னாங்க, பேட்டரி தீந்துபோச்சா?"

கரண்ட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சற்று நேரம் கேசட்டையே பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். பதிவு செய்த அன்றைக்குக் கரண்ட் போயிருந்தது. இரவல் டேப்ரிகார்டரில் இருந்தது புதுப் பேட்டரி, பாடிய எங்கள் டேப்ரிகார்டரில் இருந்தது பழைய பேட்டரி. இரண்டையும் வயரால் இணைத்துவிட்டால் சத்தம் வெளியே வராது என்பதால், அவர் வாசலில் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டார். உள்ளே பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரே சந்தோஷம். நாம் ஜெயித்துவிட்டோம்! பாண்டிச்சேரியில் வாங்கிய நல்ல கேசட்டைக் கொண்டுபோய் மாமா முன்னால் போட்டுக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. அப்பாவும் அதற்குத்தான் சட்டையை மாட்டினார்.

அம்மா ஈரக் கையோடு வந்து நின்றார். "ஊரெல்லாம் அது குப்பைன்னு சொல்லி வச்சிருக்கான். நீங்கதான் ரைட்டுன்னு காட்டினா, எந்தம்பி இந்த ஊட்டுக்கு வருவானா?"

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தார். நல்ல கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

மாமா கதவைத் திறந்தார். "வா" என்றும் சொல்லவில்லை, "வாங்க" என்றும் சொல்லவில்லை. அப்பா நின்றபடியே சொன்னார். "நீ சொன்னதுதான் கரெக்ட்டு மச்சான். திருப்பித் திருப்பிக் கேட்டேன். நல்லால்ல. அவனுங்களுக்கு வயசாயிட்டுது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் பையைப் பார்த்தேன். அப்பா அதை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

மாமா தரையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். "நாந்தான் அப்பவே சொன்னேனே" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "அப்டி ஒரேடியா மோசம்னும் சொல்லமுடியாது. ரெண்டாவது பாட்டு பரவால்ல. கேக்கக் கேக்கப் பழகிடும். உக்காருங்க மாமா" என்றார். அரைமணி நேரத்தில் அந்தக் கேசட்டுக்காக மாமா வாதாட, அப்பா அதைத் திட்ட, எனக்குத் தலை சுற்றியது.

புதுநன்மைக்கு முந்தின நாள் எங்களுக்கு முதல் பாவசங்கீர்த்தனம், செய்த பாவங்களை ஃபாதரிடம் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்த பாவங்கள் மிகச் சாதாரணம். சர்க்கரை திருடியது, தம்பியைக் கிள்ளியது. கணக்கு கொஞ்சம் வலுவாக இருக்கட்டும் என்று அதையும் சேர்த்தேன்.

"எங்கப்பா எங்க மாமாகிட்ட பொய் சொன்னாரு ஃபாதர்."

"அத உங்கப்பா வந்து சொல்லணும்மா. நீ உன்னோடத மட்டும் சொல்லு."

"அவரு சொல்லமாட்டாரு ஃபாதர். அவருக்கு அது பாவம்னே தோணல." என்ன பொய் என்று விளக்கிச் சொன்னேன், பேட்டரி உட்பட. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஃபாதர் வெகுநேரம் இருமினார்.

"மாமா நாளைக்கு வர்றாரா?"

"வர்றாரு ஃபாதர். கவுன் எடுத்துக்கினு வர்றாரு."

"அப்ப சரி. போய்ட்டு வா."

அப்பாவுக்கு எந்தத் தண்டனையும் தரவில்லையே என்று எனக்கு வருத்தம். மறுநாள் பூசையெல்லாம் முடிந்து, மதியம் விருந்து நடந்தபோதும் அந்த வருத்தம் போகவில்லை. அப்பா வேண்டுமென்றே அந்தக் கெட்டுப்போன கேசட்டையே போட்டிருந்தார். எருமைகள் பாடிக்கொண்டிருந்தன. "சவுண்டு வைங்க மாமா!" என்று அடுப்படியிலிருந்து மாமா கத்தினார். அங்கே அம்மா அத்தனை மாதத்துப் பேச்சையும் ஒரே மூச்சில் தம்பியிடம் கொட்டிக்கொண்டிருந்தார். இடையிடையே இருவரும் சிரித்தார்கள்.

அப்பா எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தார். இரட்டையர் பாடும்போது யாராவது பேசினாலே முறைக்கிற மனிதர், குறைத்துவிட்டு அங்கேயே, அடுப்படிக் கதவோரம் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பாட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.