ராக்கெட்டுக்கு அக்கா சொன்ன அர்த்தம்

என்னைவிட இருபத்தாறு நாள் மூத்தவளை நான் அக்கா என்று கூப்பிட வேண்டியிருந்தது. பெரியப்பாவின் மகள். இருபத்தாறு நாளில் அப்படி என்னத்தைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள் என்று ஒருமுறை கேட்டதற்கு அப்பா என் மண்டையில் ஒரு குட்டு வைத்தார். அன்றிலிருந்து வாயால் அக்கா என்றும் மனசுக்குள் வேறு மாதிரியும் கூப்பிட்டுவந்தேன்.

பெரியப்பா சிவகாசியில் ஒரு அச்சகத்தில் மெஷின் ஓட்டினார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் நோட்டுகளுக்கு அட்டை போடுவது அச்சகங்களில் கழிந்த தாள்களால்தான். நிறம் விலகி மூன்று மூக்கோடு நிற்கும் முருகன், பாதி முகம் பச்சையாகிப்போன நடிகை, தலைகீழாக விழுந்த வெடிப்பெட்டி லேபிள், இவற்றைச் சுற்றிக்கொண்டுதான் எங்கள் கணக்கும் வரலாறும் பள்ளிக்குப் போகும். பெரியப்பா கொண்டுவருவதில் நல்லது அக்காவுக்கு, மிச்சம் எனக்கு. ஏழாம் வகுப்பில் அவளுடைய இங்கிலீஷ் நோட்டுக்கு ஒரு வெளிநாட்டு ஆர்டரின் லேபிள் வந்தது. நீல வானத்தில் சீறும் ராக்கெட், அதைச் சுற்றி அதன் பெயர் நாலு மொழியில். எனக்கு ஒரு பிள்ளையார் வந்தார். அவருடைய தும்பிக்கை வெட்டுப்பட்டுப் பக்கத்துத் தாளுக்குப் போயிருந்தது.

நான் தாயில்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி அவள் படித்த பள்ளிக்கே போனேன். அந்த வருஷம் இங்கிலீஷ் டீச்சர் ஒரு பேச்சுப்போட்டி வைத்தார். ஆளுக்கு ஒரு சொல்லை எடுத்து, அது எங்கே பிறந்தது, என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டும். நான் ‘மதர்’ என்ற சொல்லைக் கொடுத்தேன். வகுப்பில் பதினோரு பேர் அதையே கொடுத்திருந்தோம். அக்கா நோட்டு அட்டையைக் காட்டி ‘ராக்கெட்’ என்றாள். எங்கள் வகுப்பின் சார்பில் மேடையில் பேச டீச்சர் அவளைத் தேர்ந்தெடுத்தார். ஒரு கழிவுத் தாளால் வந்த யோகத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

போட்டி திங்கட்கிழமை முதல் பீரியடு. முந்தைய நாள் பெரியப்பாவும் பெரியம்மாவும் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் அக்காவை எங்கள் வீட்டில் விட்டுப்போனார்கள். மறுநாள் என்னோடு பஸ்ஸில் வந்துவிடட்டும் என்று ஏற்பாடு. பிரௌசிங் சென்டரில் பெரியப்பா பிரிண்ட் எடுத்துக்கொடுத்திருந்த கெட்டியான ஒற்றை வெள்ளைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து வீட்டுக்குள் நடந்து நடந்து படித்தாள்.

அம்மா நடுவீட்டில் உட்கார்ந்து ராக்கெட்டுக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். தீபாவளி சீசன் நேரம். கம்பெனி வேன் சாயங்காலம் வந்து அள்ளிக்கொண்டு போகும். ஒரு இரும்புக் கம்பியில் தாளைச் சுற்றி, பசை தடவி, உருட்டி, உருவி வெயிலில் போட வேண்டும். உள்சுற்றுக்குப் பழைய பரீட்சைத் தாளும் நோட்டுத் தாளும், மேல்சுற்றுக்குப் பழுப்புத் தாள். பசையில் என்னைக் கை வைக்கவே விடமாட்டாள், படிக்கிற பிள்ளையாம். பள்ளியில் யாராவது கேட்டால் எங்கள் அம்மா வீட்டில் சும்மா இருக்கிறாள் என்றுதான் நான் சொல்வது.

அக்கா படித்ததை அம்மாவுக்குத் தமிழிலும் சொன்னாள். பஞ்சைச் சுற்றிவைத்து நூல் நூற்கும் கோலுக்கு இத்தாலிக்காரர்கள் ரொக்கா என்பார்களாம். வெடி வந்தபோது, பார்க்க அந்தக் கோல் மாதிரியே இருக்கிறதென்று சின்ன ரொக்கா, அதாவது ரொக்கேட்டா என்று பெயர் வைத்தார்களாம். அதுதான் இங்கிலீஷில் ராக்கெட், ஜெர்மனியில் ராகேட்டே. இதில் வேடிக்கை, அந்த ரொக்காவே பழைய ஜெர்மன் பேச்சிலிருந்து இத்தாலிக்குப் போனதாம். கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்கு வேறு பெயரோடு திரும்பி வந்தது போல. பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் ஃப்யூஸே என்கிறார்கள், ஆனால் அதுவும் நூல் சுற்றும் கதிரிலிருந்து வந்ததுதானாம். அம்மா கையை நிறுத்தாமல், ஆனால் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் படிக்கும்போது ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அக்கா பக்கத்து வீட்டில் டிவி பார்க்கப் போனாள். தாள் ஜன்னலில் இருந்தது. கிழித்தால் துண்டு கிடக்கும், அடுப்பில் போட்டால் வாடை வரும். எழுத்தில்லாத ஓரத்தை மட்டும் அளவாகக் கத்தரித்து, அம்மா கொல்லைப்பக்கம் போயிருந்தபோது பரீட்சைத் தாள்களுக்கு நடுவே செருகிவிட்டேன். பிறகு எதிரில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா வந்து ஒவ்வொன்றாக எடுத்து உருட்டினாள். நடுவில் ஒரு இடத்தில் அவள் கை நின்றது. தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். நான் செம்போடு திரும்பி வந்தபோது அடுத்த குழாயை உருட்டிக்கொண்டிருந்தாள். தாள் போய்விட்டது. அவ்வளவு லேசாக முடிந்ததில் எனக்கே ஆச்சரியம்.

அக்கா வந்து தேடினாள். பாயைத் தூக்கினாள், என் பையையும் கொட்டினாள். பிரௌசிங் சென்டர் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் என்று தெரிந்ததும் அழ ஆரம்பித்தாள். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அந்தச் சுகம் ஐந்து நிமிஷம்தான் நீடித்தது. அம்மா கம்பியைக் கீழே வைத்தாள். சீசனில், பகல் வேளையில், கம்பியைக் கீழே வைத்தாள்.

“அழுவாத தாயி. இங்கன வந்து உக்காரு. காலைல நூலுன்னு என்னமோ சொன்னேல்ல, அதத் திரும்பச் சொல்லு.”

அக்கா விக்கி விக்கிச் சொன்னாள். மறந்த இடத்தில் அம்மா எடுத்துக்கொடுத்தாள். ஒருமுறை கேட்டதை அப்படியே வைத்திருந்தாள். அதோடு விட்டாளா? தன் கல்யாணத்துக்கு முன்னால் ராஜபாளையத்தில் மில்லுக்குப் போனது, பாபினில் நூல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க நின்றது, இங்கே வந்து முதன்முதலாகக் குழாய் உருட்டியபோது ‘இதும் பாபின்தான, நூலுக்குப் பதிலு தாளு’ என்று நினைத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். அக்காவின் கையைப் பிடித்துக் கம்பியில் தாள் சுற்றவும் காட்டிக்கொடுத்தாள். எனக்குச் சொல்லாத கதை, என்னைத் தொடவிடாத பசை. நான் எழுந்து போனதை இருவரும் கவனிக்கவில்லை.

மறுநாள் மேடையில் அக்கா இங்கிலீஷில் நாலு வரி சொல்லிவிட்டுத் திணறினாள். டீச்சர் தமிழில் சொல்லச் சொன்னார். “எங்க சித்தி தாயில்பட்டியில ராக்கெட்டுக் குளாய் உருட்டுறாங்க” என்று ஆரம்பித்தாள். கையில் இல்லாத கம்பியில் இல்லாத தாளைச் சுற்றிக்காட்டி, இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ் என்று போய், ராஜபாளையம் மில் வழியாக எங்கள் வீட்டுக்கே வந்து முடித்தாள். பள்ளிக்கூடமே கை தட்டியது. முதல் பரிசு. பக்கத்தில் இருந்தவள் என்னிடம், அந்தச் சித்தி உனக்கு யாரு என்று கேட்டாள். சொந்தக்காரர்கள் என்றேன். என் அம்மாவை அவள் எடுத்துக்கொண்டாள், நான்தான் கொடுத்தேன் என்ற இரண்டு எரிச்சலும் சேர்ந்து, அன்று நான் மதியச் சோறு தின்னவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை ஆறேழு வருஷம் அம்மாவின் மேல் ஒரு குற்றமாக வைத்திருந்தேன். சண்டை வரும்போதெல்லாம், உனக்கு அவள்தானே பிள்ளை என்பேன். அம்மா பாட்டுக்கு அடுத்த குழாயை உருட்டுவாள்.

காலேஜ் லீவில் ஒருமுறை வந்திருந்தபோது அம்மா வழுக்கி விழுந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். சாயங்காலம் வேன் வந்துவிடும் என்பதால், அவள் சத்தம் போட்டதையும் கேட்காமல், முதல்முறையாக நான் கம்பி முன் உட்கார்ந்தேன். இருபது, முப்பது குழாய்க்குப் பிறகு கை பழகியது. பார்க்காமலே உருட்டினேன். அப்போது பரீட்சைத் தாள்களுக்கு நடுவே ஒரு கெட்டியான வெள்ளைத் தாள் வந்தது. அன்று அம்மாவின் கை நின்ற மாதிரியே என் கட்டைவிரல் தானாக நின்றுவிட்டது.

கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்னைக்கே தெரியுமா என்று கேட்டேன். எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.

“பாக்கும்போது பசை ஏறிப்போச்சு. பிரிக்கவா முடியும்? அந்தப் பிள்ள போட்டியில பேசாம வந்து நின்னா, எங்க போச்சு தாளுன்னு பெரியப்பா விடமாட்டாக, நீ மாட்டிக்கிருவ. அதான் கூப்பிட்டு உக்கார வச்சேன்.”

நான் அந்தக் கெட்டித் தாளை மறுபடி பிடித்து, கடைசிவரை உருட்டி, உருவிப் போட்டேன். அடுத்த தாளை எடுப்பதற்கு வெகுநேரம் ஆயிற்று.