சிவத்தப் பேடு விழுங்கிய நார்

காலையில் என் மனைவி என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கோழிகளின் எச்சத்தைப் பார்த்துவிடுவாள். கூட்டைத் திறந்ததும் ஈர்க்குத் துண்டோடு குந்திவிடுவாள். பச்சையாகப் போயிருக்கிறதா, தண்ணீராகப் போயிருக்கிறதா, இரத்தம் தெரிகிறதா என்று கிளறிப் பார்ப்பாள். காலமெல்லாம் கந்தோரில் கோப்புப் பார்த்த நான்கூட ஒரு கடிதத்தை அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி, கழுத்தடியில் தீன் தங்கும் பையைத் தடவுவாள். இரவில் செமித்து, விடியும்போது அது வெறுமையாக இருக்க வேண்டுமாம்.

போன தை மாதம் ஒருநாள் கூட்டடியிலிருந்து கூப்பிட்டாள். "இஞ்சேருங்கோ, சிவத்தப் பேட்டின்ர பை கல்லு மாதிரிக் கிடக்குது."

காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. வாய்வுத் தொல்லை என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் எனக்குப் பனங்கிழங்கு கிடையாது. சட்டம் போட்டவள் மனைவி. நானோ வேலணைச் சந்தையில் அவித்த கிழங்கு வாங்கி, ஒரு கிழமையாகக் கூட்டுக்குப் பின்னால் நின்று தின்றுகொண்டிருந்தேன். உரித்த நாரை உள்ளே எறிந்தால் கோழிகள் அடிபட்டுக் கொத்தும். தடயமே மிஞ்சாது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு நாள் அவள் தீனை நிறுத்தி, நல்லெண்ணெய் பருக்கி, பையை மெல்ல மெல்லப் பிசைந்தாள். கோழியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். அது கழுத்தை நீட்டி நீட்டி முழித்தது. "என்னத்தையடி பிள்ளை திண்டனீ?" என்று அதனிடம் கேட்பாள். நான் முருங்கை மரத்தைப் பார்ப்பேன். சொல்லிவிடலாம் என்று வாய் உன்னும். அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிடும்.

மூன்றாம் நாள் அது தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. கூடையில் வைத்து, மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் பையை அமுக்கிப் பார்த்தார்.

"என்னம்மா திண்டது? நெல்லு, சோறு எண்டால் இன்னும் ஒரு நாள் எண்ணெய் விட்டுப் பார்க்கலாம். நார், கயிறு எண்டால் இப்பவே வெட்டி எடுக்க வேணும். பிந்தினால் தப்பாது."

"தீன்தான் டொக்டர். நான் போடுறது எனக்குத் தெரியாதே?"

அவள் அவ்வளவு உறுதியாகச் சொன்னாள்.

"நார்," என்றேன். "பனங்கிழங்கு நார். நான்தான் போட்டனான்."

வைத்தியர் சிரிப்பை மறைக்கக் குனிந்து கத்தியைத் தேடினார். மனைவி சிரிக்கவில்லை. வெட்டியபோது பெருவிரல் தடிப்பில் முறுக்குண்ட நார்த்திரள் ஒன்று வந்தது. கழுவி, தைத்து, கோழியைத் திருப்பித் தந்தார். தப்பிவிடும் என்றார்.

திரும்பும்போது, எங்கள் தீவுக்குப் போகும் பாலம் கடந்து மண்கும்பான் வந்தோம். கூடை அவள் மடியில் இருந்தது.

"இனிக் கிழங்கைத் தொடமாட்டன், கண்டீரோ," என்று நானே தொடங்கினேன்.

"நீங்கள் கிழங்கைத் தின்னுங்கோ, விடுங்கோ. இந்தச் சீவன் ரெண்டு நாளாய் வாய் திறந்து சொல்ல ஏலாமல் கிடந்தது. உங்களுக்கு ஏலும்தானே?"

வெட்கமாக இருந்தது. தையல் குலுங்கக் கூடாதென்று, வீடு வரைக்கும் பள்ளம் பார்த்து மெதுவாகவே ஓட்டினேன்.