சாலை பார்த்த தாழ்வாரம்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் பழைய தாழ்வாரத்தில் ஒரு நீளமான கருங்கல் பலகை உண்டு. அதன் ஓரத்தில், சுவரில் முதுகு படாமல், நைனா நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். சட்டையில் மீன் வாடை இருக்கிறதாம். வெள்ளையடித்த சுவரில் அது ஒட்டிக்கொள்ளுமாம். சாய்ந்துகொள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், கேட்கமாட்டார். சனிக்கிழமைகளில் புத்தக அடுக்குகளைக் கடந்து நான் வெளியே வரும்போது அந்த நிமிர்ந்த முதுகுதான் முதலில் கண்ணில் படும். பக்கத்தில் அம்மா கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டி. எதிரே சாலையோரத்தில் அவருடைய குட்டியானை வண்டி, ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டு நிற்கும்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றில்தான் எங்கள் வீடு. வலை இழுத்துத் தோள் கெட்டுப்போன பிறகு அவர் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிப்போகும் வண்டி ஓட்டத் தொடங்கினார். அவரும் பள்ளிக்கூடம் போனதில்லை, அம்மாவும் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்தபோது எங்கள் தெருவில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று புரியவில்லை. நைனா மட்டும் எல்லோரிடமும், "வூடு கட்றதுக்கு முன்னாடி பேப்பர்ல கட்டுவாங்க, அந்தப் படிப்பு" என்று சரியாகச் சொன்னார்.

விடுதியில் பெற்றோரைப் பார்ப்பதற்கென்று ஓர் அறை இருந்தது. சோபாவும் செயற்கைப் பூக்களும் வைத்த அறை. முதல் மாதம் அதன் வாசல் வரை வந்த நைனா உள்ளே பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டார். வெட்கம் எனக்கு இல்லை, அவருக்குத்தான். அதன்பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார இந்த உலகத்தில் ஒரே இடம்தான் இருந்தது. அது நூலகத்தின் தாழ்வாரம்.

அந்த நூலகம் ஒரே கட்டடம் அல்ல, மூன்று. இதை முதல் வருடமே நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. பல்கலைக்கழகம் வெறும் கல்லூரியாக இருந்த காலத்தில் கட்டியது முதல் கட்டடம். ஒற்றைக் கூடம். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பு போட்டு இறுக்கிய கூரை. அதன் முன்பக்கம், நேராகச் சாலையைப் பார்த்தபடி, ஓடு வேய்ந்த தாழ்வாரம். இரண்டாவது, அதன் முதுகில் ஒட்டியபடி எழுந்த சிமெண்டுக் கட்டடம். வெயில் படாமல் இருக்கச் செங்குத்துப் பலகைகளை வரிசையாக நிறுத்திய, மழைக்கறை படிந்த மாடிகள். அது வந்ததும் நூலகத்தின் வாசல் வளாகத்துக்குள் திரும்பிவிட்டது. மூன்றாவது கண்ணாடிக் கட்டடம் இன்னும் உள்ளே தள்ளி நிற்கிறது. அட்டையைக் காட்டினால்தான் கதவு விலகும். கட்டடம் கட்டும்போதெல்லாம் வாசல் சாலையிலிருந்து இன்னும் கொஞ்சம் தூரம் போயிருக்கிறது. முதலில் வாசலாக இருந்த தாழ்வாரம் கடைசியில் கொல்லைப்புறம் ஆனது. கொல்லைப்புறம் என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்காததால் அது ஊருக்குத் திறந்தே கிடந்தது.

கூடத்திலிருந்து தாழ்வாரத்தைப் பார்க்கும் சன்னல்கள் மிகத் தாழ்வானவை. அவற்றின் அடியில் அகலமான கல் விளிம்பு இருக்கும். காலையில் உதவியாளர் அதன் மேல் செய்தித்தாள்களை வைத்துவிட்டுப் போவார். பக்கத்திலிருந்த செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு வந்தவர்கள், ஆட்டோக்காரர்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லோரும் அங்கே வந்து படிப்பார்கள். நூலகத்துக்குள் இருமினால்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். தாழ்வாரத்திலோ சத்தம் போட்டுப் படிக்கலாம். அப்படிப் படித்தவர் மார்க்கெட்டில் குடைக்கடை வைத்திருந்த பாய். கடையை மகன்களிடம் விட்டுவிட்டு இங்கே வந்துவிடுவார். எழுத்துத் தெரியாத நாலைந்து பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் நைனாவும் ஒருவர்.

பாய் செய்தியை மட்டும் படிக்கமாட்டார், அதன் மேல் தன் தீர்ப்பையும் சேர்த்துப் படிப்பார். "அண்ணாத்த, கடல்ல காத்தழுத்தமாம். நாளைக்கு நீ போவாத" என்பார்.

"நா எங்க போறேன்? வண்டிதான ஓட்டினு கீறேன்."

"அப்ப வண்டிய கடலுக்கு ஓட்டாத."

பலகை முழுக்கச் சிரிப்பு எழும். பாய் வராத நாட்களில் நான் படிப்பேன். நைனா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நீ படிச்சா நியூஸ் மாதிரி கீது. பாய் படிச்சா சினிமா மாதிரி கீது" என்பார். ஆனால் நிறுத்தச் சொல்லமாட்டார். தங்கம் விலை, கொலை, மழை, மறுபடி தங்கம் விலை. படித்து முடித்த பிறகு தூக்குச்சட்டியைத் திறப்போம். வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பின் வாசம் கூடத்துக்குள் போகாமலிருக்க நைனா தன் துண்டால் சன்னலை மறைத்துப் பிடித்துக்கொள்வார்.

மற்ற நாட்களில் நான் யாரோடும் அதிகம் பேசியதில்லை. என் வகுப்பில் படித்தவர்கள் வெளிநாட்டுக் கட்டடங்களை நேரில் பார்த்தவர்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. நான் பேசத் தொடங்கினால் காத்திருந்து கேட்பார்கள். அந்தக் காத்திருப்புதான் எனக்குத் தாங்கவில்லை. மதிப்பெண்ணில் அவர்களைத் தாண்டிக் காட்டினேன். விடுமுறைகளில் விடுதி காலியாகி நீண்ட நடைவழியில் என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும்போது, மதிப்பெண்ணால் என்ன பயன் என்று தோன்றும். சனிக்கிழமை வரும் என்று இருப்பேன்.

நான்காம் வருடத்தில் நூலகத்தைச் சீரமைக்கப் போவதாக அறிவித்தார்கள். சென்னையிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்தார். பழைய கட்டடத்தை அளந்து வரைந்துகொடுக்கும் மாணவர்களில் என்னையும் சேர்த்திருந்தார்கள். அவர் காட்டிய வரைபடத்தில் கூடம் கறுப்புக் கோட்டிலும் தாழ்வாரம் சிவப்புப் புள்ளிகளிலும் இருந்தன. சிவப்பு என்றால் இடிக்கப்போவது.

"தாழ்வாரம் பிற்காலத்துல ஒட்டவெச்சது. கூடத்துக்கு டெரஸ் கூரை, இதுக்கு ஓடு. ரெண்டும் வேற காலம். இதை எடுத்துட்டா மூலக் கட்டடம் நல்லாத் தெரியும்" என்றார்.

கூட்டத்தில் துறைத்தலைவர் இருந்தார், நூலகர் இருந்தார், அலுவலகத்திலிருந்து இருவர் வந்திருந்தார்கள். என் கை தானாக உயர்ந்தது. "இல்ல சார். ரெண்டும் ஒரே காலம்" என்றேன்.

எத்தனையோ சனிக்கிழமைகள் அந்தப் பலகையில் உட்கார்ந்து மேலே பார்த்தவள் நான். தூண்களின் மேலிருந்து கிளம்பும் கல் உத்தரங்கள் கூடத்தின் சுவருக்குள் போய் மறையும். ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்திருந்தது. பிற்காலத்தில் சுவரைக் குடைந்து செருகியிருந்தால் அந்த இடத்தில் உடைந்த செங்கல்லும் ஒட்டுப்பூச்சும் இருக்கும். அங்கே அப்படி எதுவும் இல்லை. கல்லை முதலில் வைத்து, அதைச் சுற்றி வரி பிசகாமல் செங்கல்லை எழுப்பியிருந்தார்கள். தாழ்வான சன்னல்களையும் சொன்னேன். வெளியே உட்கார்ந்திருப்பவர் கைநீட்டிப் பேப்பரை வாங்குவதற்கென்றே வைத்த உயரம் அது. தாழ்வாரம் இல்லாத கட்டடத்துக்கு அப்படியொரு சன்னல் எதற்கு என்று கேட்டேன்.

ஆலோசகர் நல்ல மனிதர். உடனே எழுந்து என்னோடு வந்தார். ஏணி போட்டு ஏறினார், விரலால் செங்கல் வரியைத் தடவிப் பார்த்தார். பாய் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "இன்னா சார், பல்லி கில்லி தேடினு கீறீங்களா?" என்று கேட்டார். ஆலோசகர் சிரித்துக்கொண்டே இறங்கி, "இந்தப் பொண்ணு சொல்றது சரி. இதை இடிக்கக் கூடாது" என்றார்.

நைனாவுக்குப் போன் செய்தேன்.

"இடிக்க மாட்டாங்களா? யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன்."

"நீ சொல்லி, அவங்க கேட்டுகினாங்களா?"

"கேட்டுகினாங்க."

வண்டியின் வேகம் குறையும் சத்தம் கேட்டது. பிறகு, "செத்த இரு, ஓரங்கட்டிக்கிறேன்" என்றார். எஞ்சினை அணைத்துவிட்டு முதலிலிருந்து சொல்லச் சொன்னார். என் வாழ்க்கையில் நான் வாங்கிய எந்தப் பட்டமும் அந்த ஓரங்கட்டலுக்குக் கிட்டே வராது.

அந்தத் தாழ்வாரத்தின் வரலாற்றை எழுதித்தரும்படி என்னையே கேட்டார்கள். எழுதினேன். கல், சுண்ணாம்பு, சன்னல் உயரம் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "ஊர்மக்கள் இங்கே அமர்ந்து செய்தித்தாள் படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் படித்துக் காட்டினார்கள்." பிறகு வேலை தொடங்கித் தகரம் வைத்து மறைத்தார்கள். நான் படிப்பை முடித்தேன். நாவலூரில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பதினோராவது மாடியில், கடல் இருக்கும் திசையில் வேறு கட்டடங்கள் தெரியும் அறை. நைனாவின் வண்டி அந்தப் பக்கம் வருவதில்லை. சனிக்கிழமை வேலை நாள்.

திறப்புவிழாவுக்குப் பழைய மாணவி என்று எனக்கு அழைப்பு அனுப்பியிருந்தார்கள். தாழ்வாரத்தை இடிக்கவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்கள். ஓடுகளைக் கழுவி அடுக்கியிருந்தார்கள். கல் உத்தரங்களுக்குக் கீழிருந்து மேல்நோக்கி விளக்கு வைத்திருந்தார்கள். அவ்வளவு அழகாக அதை நான் பார்த்ததே இல்லை. தூணுக்குத் தூண் கண்ணாடி போட்டு மூடிக் குளிரூட்டியிருந்தார்கள். கருங்கல் பலகையின் மேல் மெத்தை. புதிய கட்டடத்தின் வாசலில் அட்டையைக் காட்டி, பழைய கூடத்தைக் கடந்துதான் அங்கே வர முடியும். நான் காப்பாற்றியது அப்படியே இருந்தது. எதற்காகக் காப்பாற்றினேனோ, அதற்கு மட்டும் உள்ளே வழியில்லை.

விழா முடிந்து என்னை வீட்டுக்கு அழைத்துப்போக நைனா வந்திருந்தார். முன்வாசலில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் விருந்தினர் சீட்டு தருவார்கள், வா என்றேன். "கைநாட்டு வெக்கச் சொல்லுவானுங்க. வாணாம் பாப்பா, நீ பாத்துட்டு வா" என்று சாலைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். நான் உள்ளே போனேன். அவர் வெளியே கண்ணாடியோடு ஒட்டி, நெற்றியில் கைவைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். பேசினால் கேட்கவில்லை. போனை எடுத்தேன்.

"தெரியுதா நைனா?"

"தெரியுது, தெரியுது. தொட்டில வுட்ட மீனு மாதிரி கீற." பிறகு சுவரைக் காட்டினார். "அந்தப் பலகைல இன்னா போட்டுக்கீது? படி."

சுவரில் கண்ணாடியைப் பார்த்தபடி பெரிய பலகை ஒன்று மாட்டியிருந்தார்கள். நான் எழுதியதைத்தான் அச்சிட்டிருந்தார்கள். விரலை வைத்துப் படித்தேன். உத்தரங்கள், செங்கல் வரி, சுண்ணாம்பு.

"உம் பேரு கீதா?"

அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. தொட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் விரலையும் அதே உயரத்தில் வைத்தார்.

"சரி, நாங்க இங்க குந்தினு இருந்தோமே. பாய் பேப்பர் படிப்பாரே. அத்தப்பத்தி இன்னா போட்டுக்கீது?"

அந்த வரியை எடுத்துவிட்டிருந்தார்கள். இடம் போதவில்லை என்று பிறகு சொன்னார்கள். சுண்ணாம்பைப் பற்றிய வரியின் மேல் விரலை நகர்த்தியபடி நான் படித்தேன்: "ஊர்மக்கள் இங்கே அமர்ந்து செய்தித்தாள் படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் படித்துக் காட்டினார்கள்."

நைனா அசையாமல் கேட்டார். "இன்னொரு தபா படி. பாய்க்குச் சொல்லணும்."

இன்னொரு முறை படித்தேன். ஒரு சொல்கூட மாறாமல் பார்த்துக்கொண்டேன்.

"பாய்க்குக் கண்ணு ஆப்ரேசன் ஆயிக்கீது. ஆறட்டும், கூட்டினு வந்து இங்க நிக்க வெச்சு அவரு வாயால ஒரு தபா கேக்கணும்" என்றார். வண்டியில் போகும்போது திருக்கழுக்குன்றம் வரை அந்த வரியையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதினேன். பலகையை அடுத்தமுறை மாற்றும்போது பார்க்கலாம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். நேரில் போய்க் கேட்டேன். சிரித்த முகத்தோடு காபி கொடுத்தார்கள். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாவலூர் அறையில் வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு சன்னலோரம் நின்று வீட்டுக்குப் போன் செய்வது என் வழக்கம். போன சனிக்கிழமை நைனா எடுத்தவுடனே ரொம்ப சந்தோஷமாகச் சொன்னார்.

"பாப்பா, சேதி தெரியுமா? பாய்க்குக் கட்ட அவுத்துட்டாங்க. இப்ப பொடி எழுத்துகூட நல்லாத் தெரியுதாம்."